நலோக்சோன் மூக்கு ஸ்பிரே: மருந்து அருமை, கூட வரும் அறிவுரைதான் போதவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கி வையுங்கள். வீட்டில் யாராவது மார்ஃபின், கோடீன், ஆக்சிகோடோன், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச் மாதிரியான வலி மருந்துகளில் இருந்தால், அல்லது ஹெராயின் பழக்கத்திலிருந்து வெளியே வரப் போராடும் ஒருவர் உங்களுக்கு வேண்டியவராக இருந்தால், ஓவர்டோஸில், அதாவது இந்த மருந்துகள் அளவு மீறிப்போனால், மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் இந்தச் சின்ன பிளாஸ்டிக் ஸ்பிரே கைக்கெட்டும் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். நான் எழுதுவது நார்கான் என்ற பெயரில் விற்கும் 4 மில்லிகிராம் நலோக்சோன் ஸ்பிரேயைப் பற்றி, ஒரு பெட்டியில் இரண்டு வரும். மருந்துக்கு முழு மதிப்பெண். ஆனால் அதோடு வரும் தாள், பயிற்சி வகுப்பு, கடையில் எடுத்துக் கொடுப்பவரின் கேள்வி எல்லாமே ஒரே மாதிரி நோயாளியை மனதில் வைத்துத் தயாரானவை. போதை மருந்தாலும் வலி மருந்தாலும் ஆண்கள் சாகிற விதம் ஒன்று, பெண்கள் சாகிற விதம் இன்னொன்று. அதைத் தெரிந்துகொள்ளாமல் பெட்டியை மட்டும் வாங்கி வைத்தால், தேவைப்படும் நேரத்தில் அது பிரிக்கப்படாமலே கிடக்கும்.

மருந்து என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அபினிலிருந்து வந்தவை, அதே மாதிரி ஆலையில் செய்தவை எல்லாவற்றுக்கும் ஓபியாய்டு என்று பெயர். இவை மூளையில் ஏற்பிகள் எனப்படும், மருந்து வந்து பொருந்தும் இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும், வலி குறையும், அளவு மீறினால் மூச்சு விடச் சொல்லும் பகுதியே மந்தமாகிவிடும். ஓவர்டோஸில் ஆள் சாவது பெரும்பாலும் இப்படித்தான், மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுபோய். நலோக்சோன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைக் கிளப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும் ஆள் மாதிரி, ஓபியாய்டை அந்த ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பும். உடம்பில் ஓபியாய்டு இல்லாதவருக்கு அடித்துவிட்டாலும் கெடுதல் இல்லை, அதனால் சந்தேகம் இருந்தாலே அடிக்கலாம்.

இது புதுக் கண்டுபிடிப்பே இல்லை. ஜாக் ஃபிஷ்மனும் மோசஸ் லெவன்ஸ்டைனும் 1961லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்த மருந்து, 1971ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனாலும் பல பத்தாண்டுகள் ஊசியாக, மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலும் மட்டுமே இருந்தது. ஓவர்டோஸைப் பக்கத்தில் இருந்து பார்க்க நேரிடும் சாதாரண மக்கள் கையில் இது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2014ல். மூக்கு ஸ்பிரே அமெரிக்காவில் வந்தது 2015ல், மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்றானது 2023 மார்ச்சில். இவ்வளவு எளிய ஒன்று ஜனங்கள் கைக்கு வர இத்தனை வருடம் ஆனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பயன்படுத்துவது சுலபம், இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்துக்கடியில் கை கொடுத்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, முனையை ஒரு மூக்குத்துளையில் உங்கள் விரல் மூக்கைத் தொடும் வரை விட்டு, கீழே உள்ள பொத்தானைக் கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அவர் மூச்சை இழுக்க வேண்டிய அவசியமில்லை, மூக்குக்குள் இருக்கும் சவ்வு வழியாகவே மருந்து ஏறிவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், ஒவ்வொரு ஸ்பிரேயிலும் ஒரே ஒரு டோஸ்தான் இருக்கிறது. வேலை செய்கிறதா என்று முன்னாலேயே காற்றில் அடித்துப் பார்த்தால் போயிற்று. இந்த எச்சரிக்கையைத் தாளில் இன்னும் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

சரி, யாருக்கு அடிக்கப் போகிறோம்? இங்கிருந்துதான் குறைகள் ஆரம்பிக்கின்றன.

எண்ணிக்கையைப் பார்த்தால் இது ஆண்களின் சாவு மாதிரிதான் தெரியும். அமெரிக்காவில் 2022ல் ஓவர்டோஸில் இறந்தவர்கள் ஏறக்குறைய 1,08,000 பேர். ஒரு லட்சம் ஆண்களுக்கு 45.6 பேர், ஒரு லட்சம் பெண்களுக்கு 19.4 பேர், அதாவது இரண்டு மடங்குக்கு மேல். இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கில் போதை மருந்து நச்சால் இறப்பவர்களில் மூன்றில் இரண்டு பேர் ஆண்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் நான்கில் மூன்று பேர். ஆண்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள், அதனால் அதிகம் சாகிறார்கள், இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஆனால் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியும் அமெரிக்க அரசின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2023ல் வெளியிட்ட ஆய்வு, யார் எவ்வளவு பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கழித்த பிறகும் ஆண்களின் சாவு விகிதம் தெளிவாக அதிகமாகவே இருப்பதைக் காட்டியது. ஃபென்டனில், ஹெராயின் மட்டுமல்ல, கோக்கெயின், மெத்தாம்ஃபெட்டமின் போன்ற ஊக்க போதைகளிலும் அப்படித்தான். உடலமைப்பு, நடத்தை, சமூகம் மூன்றுமே இதில் கலந்திருக்கின்றன என்றுதான் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்த நடத்தையில் ஒன்று இந்த ஸ்பிரேயை நேராக அடித்து வீழ்த்துவது: தனியாகப் பயன்படுத்துவது. ஓவர்டோஸ் ஆனவர் தனக்குத்தானே இதை அடித்துக்கொள்ள முடியாது, இன்னொரு கை வேண்டும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கணக்கில், ஓவர்டோஸில் இறந்தவர்களில் 40 சதவீதம் பேர் அளவில்தான் பக்கத்தில் வேறொருவர் இருந்திருக்கிறார், பக்கத்தில் என்றால் அடுத்த அறையும் அதில் சேர்த்தி. பெண்கள் பெரும்பாலும் கணவரோடோ காதலரோடோ சேர்ந்து பயன்படுத்துகிறவர்களாக இருப்பதால் அங்கே கூட ஒரு ஆள் இருக்க வாய்ப்பு உண்டு. ஆண்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதுவே நடந்தது. மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வந்த தம்பி, நல்ல தேறுதல், வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இந்த ஸ்பிரே ஹாலில் டிராயருக்குள் இருந்தது, எப்படி அடிப்பது என்று அக்காவுக்கும் அம்மாவுக்கும் தெரியும். அவர் அறைக்குள் தாழ் போட்டிருந்தார். குறட்டைச் சத்தம் கேட்டிருக்கிறது, நன்றாகத் தூங்குகிறான், எழுப்ப வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். ஓவர்டோஸில் தொண்டைக்குள் களகளவென்று வரும் அந்தச் சத்தம் குறட்டை மாதிரியேதான் இருக்கும், அது தூக்கம் இல்லை, மூச்சுக்குழாய் அடைபடுகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தாளில் இருக்கிறதா என்றால் இருக்கிறது, ஒரு மூலையில் ஒரு வரி. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டிய வரி அது.

நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குகிறவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம் என்பதும் பெட்டியில் எங்கும் இல்லை. கொஞ்ச காலம் நிறுத்தினாலே உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும், மனம் மட்டும் பழைய அளவையே ஞாபகம் வைத்திருக்கும். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007ல் வந்த ஆய்வில், வெளியே வந்த முதல் 2 வாரத்தில் ஓவர்டோஸில் இறக்கும் ஆபத்து மற்ற மக்களைவிட 129 மடங்கு. சிறையிலிருந்து வருபவர்களில் பெரும்பகுதி ஆண்கள். அப்புறம் வேலை. அமெரிக்காவில் 2020ல் ஓவர்டோஸ் சாவு விகிதம் மிக அதிகமாக இருந்த தொழில்கள் கட்டுமானமும் சுரங்க வேலையும். அடிபட்டால் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போக வேண்டிய, லீவு எடுத்தால் கூலி போய்விடும் தொழில்கள். வலிக்கிறது என்று சொல்லக்கூடாது, உதவி கேட்கக்கூடாது என்று ஆண் பிள்ளைகளை வளர்ப்பதன் விலையும் இதில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அதனால் வீட்டில் ஆணுக்காக இதை வாங்குகிறீர்கள் என்றால், ஸ்பிரே பாதி வேலைதான் செய்யும். அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். எடுத்துக்கொள்ளாதே என்று மட்டும் சொல்வதோடு நிறுத்தாமல், ஒருவேளை எடுத்தால் தனியாக இருக்காதே, தாழ் போடாதே, எனக்கு ஒரு மெசேஜ் போடு என்று சொல்ல வேண்டும். பெற்றோருக்கு இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், அனுமதி கொடுத்த மாதிரி இருக்கும். அப்படியும் சொல்லுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் தனியாகப் பயன்படுத்துகிறவர் போன் போட்டால், பேச்சு நின்றதும் ஆம்புலன்ஸ் அனுப்பும் சேவைகளே நடக்கின்றன. நீங்கள் இருக்கும் இடத்தில் அப்படி ஒன்று இருந்தால் அந்த எண்ணைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இனி பெண்கள். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம்.

எண்ணிக்கை குறைவு என்பதால் பெண்களின் ஓவர்டோஸ் யார் கண்ணிலும் படுவதில்லை. அமெரிக்காவில் 1999 முதல் 2010 வரை, மருத்துவர் எழுதித்தரும் வலி மாத்திரைகளால் ஆண்கள் இறப்பது 265 சதவீதம் கூடியது, பெண்கள் இறப்பது 400 சதவீதத்துக்கும் மேல் கூடியது. தெருவில் வாங்கிய பொட்டலம் இல்லை, சீட்டைக் காட்டி முறையாக வாங்கிய மாத்திரைகள். நாள்பட்ட வலி பெண்களுக்கு அதிகம், பதற்றத்துக்கும் தூக்கத்துக்குமான மாத்திரைகளும் பெண்களுக்கே அதிகம் எழுதப்படுகின்றன, இரண்டும் சேர்ந்தால் மூச்சு இரட்டிப்பாக அமுங்கும். பெண் உடம்பு சில மருந்துகளை மெதுவாகத்தான் வெளியேற்றும் என்பதும் ரொம்பத் தாமதமாகவே கவனிக்கப்பட்டது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையைப் பெண்களுக்குப் பாதி அளவுதான் கொடுக்க வேண்டும், 10 இல்லை 5 மில்லிகிராம், என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது 2013ல். அது சந்தைக்கு வந்து இருபது வருடம் ஆன பிறகு!

எங்கள் வீட்டில் இந்த ஸ்பிரே இருப்பது சித்திக்காக. முதுகில் அறுவை சிகிச்சை முடிந்தும் வலி போகாமல் மார்ஃபின் மாத்திரையில் இருக்கிறார், மெதுவாகக் கரையும் வகை, கூடவே தூக்கத்துக்கு ஒன்று. நான் கடையில் போய் ஸ்பிரேயைக் கேட்டபோது கவுன்டரில் இருந்தவர் குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டுக்காரருக்கா, பையனுக்காம்மா?" என்று கேட்டார். சித்திக்கு என்றதும், "வயசானவங்க டாக்டர் சொன்னபடிதானே சாப்பிடறாங்க, அவங்களுக்கு எதுக்கு இது" என்று பெட்டியை உள்ளே வைக்கப் போனார். வற்புறுத்தித்தான் வாங்கி வந்தேன். அவர் கெட்டவர் இல்லை, அவர் மனதில் இருக்கும் படம் அப்படி. அதற்கு முன்னால் போயிருந்த பயிற்சி வகுப்பிலும் திரையில் வந்த படங்கள் எல்லாமே இளைஞர்கள், எல்லாமே தெரு, பக்கத்தில் ஊசி. சமையலறையில் சாய்ந்து கிடக்கும் ஒரு பெண்ணின் படம் ஒன்றுகூட இல்லை.

ஸ்பிரேயை ஒரு முறை அடிக்க வேண்டியும் வந்தது. காய்ச்சலும் வாந்தியுமாகச் சித்தி இரண்டு நாள் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது மார்ஃபின் உடைந்து உண்டாகும் பொருள்கள் வெளியேறாமல் உடம்பில் சேர்ந்துவிடும் என்று பிற்பாடு மருத்துவர் விளக்கினார். மாத்திரை அளவு கூடவில்லை, எப்போதும் போட்டதேதான். மாலையில் கூப்பிட்டால் எழவில்லை, தோளைப் பிடித்து உலுக்கி "சித்தி, சித்தி, கண்ணைத் திறங்க" என்று கத்தியும் அசைவில்லை, உதடு நீலம் பாய்ந்திருந்தது, மூச்சு எப்போதோ ஒன்று. சித்தப்பா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய, நான் அடித்தேன். மூன்று நிமிடத்துக்குள் மூச்சு ஆழமாக வர ஆரம்பித்தது, நிறம் திரும்பியது. ஆனால் முழு விழிப்பு வரவில்லை, ஏனென்றால் தூக்க மாத்திரையை நலோக்சோன் தொடாது. இதை முன்பே படித்திருந்ததால் பதறாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சை எண்ணிக்கொண்டிருந்தோம். இலக்கு ஆள் எழுந்து உட்காருவது இல்லை, மூச்சு ஒழுங்காக ஓடுவது. பயிற்சி கொடுப்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வலி மாத்திரையோடு தூக்க மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடும் பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கக்கூடியது. கண் திறக்கவில்லையே, மருந்து பலிக்கவில்லை போல என்று கைவிட்டுவிடுவார்கள்.

மருத்துவமனையில் அன்று இரவு முழுக்க வைத்திருந்தார்கள், அதுவும் தேவைதான். நலோக்சோன் வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம் வரை. மெதுவாகக் கரையும் மாத்திரையும் பேட்ச்சும் அதைவிட நெடுநேரம் உடம்பில் இருக்கும். ஸ்பிரேயின் வேகம் அடங்கியதும் மூச்சு மறுபடி அமுங்கலாம், அதனால் ஆள் தேறிவிட்டார் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பக்கூடாது.

ஆம்புலன்ஸ் ஊழியர்கள்கூட பெண்களைச் சந்தேகிப்பது குறைவு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓவர்டோஸில் இறந்தவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றில், அவசர சிகிச்சையின்போது நலோக்சோன் கிடைக்கும் வாய்ப்பு பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் குறைவாக இருந்தது தெரிந்தது. ஊசியோ பொட்டலமோ பக்கத்தில் இல்லையென்றால் மாரடைப்பு, பக்கவாதம் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வந்ததும் என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், முடிந்தால் அட்டையைக் கையில் கொடுங்கள்.

பிள்ளை பெற்ற பெண்கள் பற்றியும் ஒரு வார்த்தை. மாசசூசெட்ஸில் ஓபியாய்டு பழக்கம் உள்ள தாய்மார்களைப் பற்றி 2018ல் வந்த ஆய்வில் ஓவர்டோஸ் மிகக் குறைவாக இருந்தது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில், மிக அதிகமாக இருந்தது குழந்தை பிறந்து 7 முதல் 12 மாதத்துக்குள். குழந்தைக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு இருந்தவர்கள். பிரசவம் முடிந்ததும் பார்க்க வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள், தூக்கம் இருக்காது, உடம்பின் தாங்கும் சக்தியும் போயிருக்கும். உதவி கேட்டால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. உலக அளவில் போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்களில் நான்கில் ஒருவர் பெண், சிகிச்சையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவர்தான் பெண் என்கிறது ஐ.நா.வின் கணக்கு. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை.

இன்னொன்று, சொல்லச் சங்கடமானது. மருந்தால் இறக்கும் பெண்களில், தெரிந்தே சாப்பிட்டவர்களின் பங்கு ஆண்களைவிட அதிகம். அங்கே ஸ்பிரே கடைசித் தடுப்பு மட்டும்தான். வீட்டில் மாத்திரையைக் குவித்து வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது, பூட்டி வைப்பது, மிஞ்சியதைத் திருப்பிக் கொடுப்பது, மனசு சரியில்லையா, சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்பது, இவைதான் முதலில். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஓபியாய்டு இல்லாத மாத்திரைகளுக்கு ஸ்பிரே பலன் தராது, ஆனால் கெடுதலும் இல்லை, அதனால் எந்த மாத்திரை என்று தெரியாவிட்டாலும் ஸ்பிரேயை அடித்துவிட்டு ஆம்புலன்ஸை உடனே கூப்பிடுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. 8 மில்லிகிராம் வகையும் இருக்கிறது, பெரிய அளவு என்றால் நல்லது என்று தோன்றும். நியூயார்க் மாநிலப் போலீஸ்காரர்கள் இரண்டையும் பயன்படுத்தியதை ஒப்பிட்டு 2024ல் வந்த அறிக்கையில் பிழைத்தவர்கள் விகிதம் இரண்டிலும் ஒன்றுதான், 8 மில்லிகிராமில் வாந்தி போன்ற, போதை திடீரென்று விட்டுப்போவதால் வரும் தொந்தரவுகள் மட்டும் கூடுதல். 4 தாராளமாகப் போதும். அதிலுமே பழக்கப்பட்ட உடம்புக்கு மருந்தைத் திடீரென்று நிறுத்திவிட்ட மாதிரி இருக்கும், எழுந்ததும் கோபப்படுவார், வாந்தி எடுப்பார், உடனே மறுபடி எடுத்துக்கொள்ளத் துடிப்பார். அவரைத் தனியே விடாதீர்கள், திட்டவும் வேண்டாம். புற்றுநோய் மாதிரி கடும் வலிக்கு மார்ஃபின் எடுப்பவருக்கு அடித்தால் அடக்கி வைத்திருந்த வலி முழுசாகத் திரும்பும், அவர்கள் விஷயத்தில் எப்போது அடிக்க வேண்டும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அறை வெப்பநிலையில் வைத்தால் போதும், ஃபிரீசர் வேண்டாம், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வேண்டாம். புதிதாகத் தயாராகும் 4 மில்லிகிராம் நார்கானுக்கு 4 வருடம் ஆயுள் என்று 2024ல் நீட்டித்திருக்கிறார்கள், ஆனாலும் உங்கள் பெட்டியில் அச்சாகியிருக்கும் தேதியைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்றைச் சித்தியின் கட்டில் பக்கத்திலும் இன்னொன்றை அவர் வெளியே போகும்போது எடுத்துக்கொள்ளும் பையிலும் வைத்திருக்கிறோம், முதல் ஸ்பிரேக்கு மூச்சு திரும்பவில்லை என்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் இரண்டாவதை அடுத்த மூக்குத்துளையில் அடிக்க வேண்டியிருக்கும் என்பதால், கட்டில் பக்கத்துக்கு இன்னொரு பெட்டியும் வாங்கிவிட்டோம்.